தண்ணி போடக் கூடாது

ஏப்ரல் 3, வியாழன். 61.

டாக்டர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். மனதில் பட்டதை எழுதுங்கள், மேலே நாள் கணக்கைப் போடுங்கள் என்றார். வீட்டு ஓனர் கேட்டபோது சர்க்கரைக்கு என்று சொல்லிவைத்தேன். ரசாயனத்தில் முனைவர் பட்டம் வாங்கியவனை மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நோட்டு எழுதவைக்கிறார்கள். நல்ல மருத்துவம்.

காலையில் மகள் மிருதுளா வந்தாள். போன தீபாவளிக்குப் பிறகு இப்போதுதான். அவளுக்கு மே 25 கல்யாணம், கோத்தகிரியில், மாப்பிள்ளை ஊரில். செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது, அவள் அம்மா அனுப்பிய வாட்ஸ்அப்பில், ரோஜாப் படத்தோடு. என் மனைவி வசந்தாமணி என்னைப் பிரிந்து போய் ஆறு வருடமாகிறது. ரோஜாவுக்கு மட்டும் குறைவில்லை.

"அப்பா, நான் மலை ஏறுறதுன்னா நம்ம கார்லதான். நீங்கதான் ஓட்டோணும்."

"அது செத்து ஆறு வருசமாச்சு."

"எழுப்புங்க. ஆனா ஒரு கண்டிசன்."

அதை எழுதும் அளவுக்கு முக்கியமில்லை. நூறு நாள் என்றாள். சரி என்றேன். கணக்குப் பார்த்தேன், மே 12 அன்றே நூறு வந்துவிடும்.

கார் எண்பத்தாறாம் வருட அம்பாசிடர். வடவள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. கடைசியாக ஓடிய அன்று மாமியார் வீட்டுக் கேட் தூணில் முட்டியது. மிருதுளா முன்சீட்டில் இருந்தாள். அவள் இடது மணிக்கட்டுக்குள் இன்னும் ஒரு தகடு இருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 5, சனி. 63.

ஹக்கீம் பாயைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அவரோடு எனக்கு ஆறு வருடப் பகை. விபத்துக்கு மறுநாள் என் மச்சான் நாச்சிமுத்து, அதாவது வசந்தாமணியின் அண்ணன், உக்கடத்தில் இவர் பட்டறைக்கே போய் விசாரித்தார். 'பிரேக்கு நல்லாத்தானுங்க இருக்குது' என்று இவர் சொல்லிவிட்டார். பொய் சொல்ல வராதாம். நாற்பது வருடம் பழைய கார்களைப் பிழைக்கவைத்து அனுப்பிய மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராதாம்.

தார்ப்பாயை விலக்கி, பானெட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"சார், உள்ள எலி குடும்பம் நடத்துது."

"ரேசன் கார்டு இருக்கான்னு கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தார். முதல் காப்பிக்குப் பிறகு மறந்துபோய் நான்கு நாள் கிடந்த டிகாக்‌ஷன் மாதிரி ஒன்று வடிந்தது. துரு, சேறு, நடுவில் ஒரு தட்டான் பூச்சியின் இறக்கை.

"இத்தன வருசமா என்ன ஊத்திட்டு இருந்தீங்க?"

"சிறுவாணித் தண்ணி."

"அது நீங்க குடிக்கறதுக்கு சார். இரும்புக்கு எதுக்கு?"

'குடிக்கறதுக்கு' என்று சொன்னபோது என் முகத்தைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன். 67.

ரேடியேட்டரில் என்ன ஊற்றுவது என்று மூன்று நாளாகப் படிக்கிறேன். பழைய கார் வைத்திருக்கும் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து இணையத்தில் ஒருவரையொருவர் காறித் துப்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

முதல் கட்சி ஆன்டிஃப்ரீஸ். உறையாமல் காக்கும் திரவம். கோயமுத்தூரில் உறைவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அதில் துருவைத் தடுக்கும் சரக்கும் உண்டு, கொதிநிலையும் கொஞ்சம் ஏறும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும்.

இரண்டாம் கட்சி தண்ணீரே இல்லாத கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம். ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. தண்ணீர் இல்லை, அதனால் துரு இல்லை. நூற்றெண்பது டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அதனால் மலையில் ஆவி பறக்காது. ஆனால் முதலில் எஞ்சினுக்குள் இருக்கும் பழைய ஈரம் மொத்தத்தையும் வெளியேற்ற வேண்டும். பிறகு வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. கொஞ்சம் கலந்தாலும் போட்டது அத்தனையும் வீண்.

ஹக்கீம் பாயிடம் சொன்னேன்.

"வண்டி மலையில நின்னுட்டா அந்த எண்ணெய எவன் சார் வெச்சிருப்பான்? நிக்கற வண்டியப் பாத்தா நம்மாளு தண்ணி பாட்டிலோடதான் ஓடி வருவான்."

"வர விடக் கூடாது."

"உதவிக்கு வர்றவன எப்பிடி சார் தடுக்கறது?"

அது எனக்குப் பழக்கமான வேலைதான் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு. 71.

நாச்சிமுத்து வந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், வயிறு அதற்குச் சாட்சி. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங் மாப்ள, என்னமோ அமெரிக்காக்காரன் சரக்காமா? நம்ம கடையில பச்சைக் கூலன்ட் கெடக்குது. பாதி அது, பாதி தண்ணி. அளவா ஊத்துனா அது பாட்டுக்கு ஓடும்."

"எனக்கு அளவு வேண்டாம் மச்சான். தண்ணியே வேண்டாம்."

"எதுலயும் ஒரேயடியா போறீங் மாப்ள. ரெண்டும் கலந்து போறதுதான் நல்லது."

இந்த மனிதர் மீது எனக்கு இருக்கும் வருத்தங்களில் ஒன்றைத்தான் எழுதுகிறேன். விசேஷ வீடுகளில் இரண்டு கிளாஸோடு கவிழ்த்து வைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டுச் சாப்பிடுவார். இரண்டோடு நிறுத்தத் தெரிந்தவர்களிடம் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை.

வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவதில் தண்ணீருக்கு ஈடு கிடையாது என்பது பதினோராம் வகுப்புப் பாடம். தண்ணீரில்லாத திரவத்தில் எஞ்சின் கொஞ்சம் சூடாகவே ஓடும். ஏறக்குறைய நாற்பது வருட ரேடியேட்டருக்குப் பாதிக்குப் பாதிதான் பொருத்தம். இது எனக்குத் தெரியும். அதை நாச்சிமுத்துவிடம் ஒப்புக்கொள்வதைவிட எஞ்சினே வெடிக்கட்டும்.

ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய். 80.

கேன் வந்தது. எஞ்சினை உலர்த்தவே இரண்டு நாள். ஹக்கீம் பாய் குழாய்களைக் கழற்றி, காற்றடித்து, வெயிலில் வைத்து, மறுபடி காற்றடித்தார். "வயித்துக்குள்ள எங்கியோ ஒரு டம்ளர் ஒளிஞ்சிட்டு இருக்குது சார், வர மாட்டீங்குது" என்றார். உள்ளே ஒளிந்திருப்பதைத்தான் கடைசியில் வெளியேற்ற முடியும் போலிருக்கிறது.

புதுத் திரவம் தேன் மாதிரி இறங்கியது. யாரும் மறந்து தண்ணீர் ஊற்றிவிடாமல் இருக்க ரேடியேட்டர் மேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் சொன்னேன். 'இதில் நீர் சேர்க்கலாகாது' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். ஸ்டிக்கர் கடைக்காரன் அதை நல்ல தமிழாக்கிவிட்டானாம். சிவப்பு எழுத்தில் வந்திருந்தது:

தண்ணி போடக் கூடாது.

"ஊத்தக் கூடாதுன்னாவது போட்டிருக்கலாமே பாய்."

"அவன் டாஸ்மாக் பக்கத்துல கடை வெச்சிருக்கான் சார். அவனுக்குத் தண்ணின்னா போடறதுதான்."

ஒட்டியாகிவிட்டது. பிய்த்தால் பெயின்ட்டோடு வரும்.

ஏப்ரல் 27, ஞாயிறு. 85.

மருதமலைக்கு ஒரு சோதனை ஓட்டம். மிருதுளா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சூட்டுமானியின் முள் பாதிக்கு மேல் போய் அங்கேயே நின்றது. ஆவி இல்லை, முனகல் இல்லை. ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை அவள் வலது கை டேஷ்போர்டைப் பிடித்தபடியே இருந்தது. ரோடு அவ்வளவு மோசமில்லை.

மேலே போய் பானெட்டைத் திறந்து காட்டினேன். ஸ்டிக்கரைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இது வண்டிக்காப்பா, உங்களுக்கா?"

"வண்டிக்கு."

"ம்."

பெண் பிள்ளைகள் 'ம்' என்று சொல்வதற்குத் தனியாக ஓர் அகராதி போட வேண்டும்.

மே 1, வியாழன். 89.

உழைப்பாளர் தினம். டாஸ்மாக் கடை லீவு. இன்று தமிழ்நாடே என் கட்சி.

மே 4, ஞாயிறு. 92.

பத்திரிகை வைக்க நாச்சிமுத்துவும் வசந்தாமணியும் வந்தார்கள். என் மகள் கல்யாணத்துக்கு எனக்கே பத்திரிகை, தட்டில் வெற்றிலை பாக்கோடு. என் பெயரைப் பட்டத்தோடு போட்டிருக்கிறார்கள். வசந்தாமணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள். பழக்கம்.

கிளம்பும்போது நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங். பின்னாடியே ஒரு இன்னோவா வரும். டிரைவரோட. ஒரு இதுக்குத்தான்."

"எதுக்கு?"

"வண்டி பழசுங்களே."

"வண்டியா?"

வசந்தாமணி முதன்முறையாக வாயைத் திறந்தாள். "கைல தகடு வெச்சது வண்டிக்கு இல்லீங்க."

போய்விட்டார்கள். வெற்றிலை வாடிக்கொண்டிருக்கிறது. எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று நான் இங்கே தனியாக எண்ணிக்கொண்டிருக்க, அவர்கள் அங்கே இன்னோவாவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். புழுக்கமாக இருக்கிறது. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன்.

மே 5, திங்கள்.

தலைவலி. வெயில்.

மே 6, செவ்வாய். 1.

எண் சரிதான்.

மே 12, திங்கள். 7.

மிருதுளா போனில் பேசினாள். புடவைக்கு ரவிக்கை தைத்து வந்துவிட்டது, மண்டபத்தில் தண்ணீர் வசதி சரியில்லை, மாப்பிள்ளைக்குப் பல்வலி. இன்று எத்தனையாவது நாள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாமல் விடுவது காப்பி அடிப்பதாகாது. முப்பது வருடம் பரீட்சை அறையில் மேற்பார்வை பார்த்தவன் சொல்கிறேன்.

"வேற ஏதாச்சும் சொல்லோணுமாப்பா?"

"டயர்ல காத்து பிடிக்கோணும்."

"ம்."

மே 22, வியாழன். 17.

வண்டிக்குப் பூஜை போட ஈச்சனாரிக்குப் போனோம், நானும் நாச்சிமுத்துவும். வசந்தாமணியின் ஏற்பாடு. கடவுளையும் அவள் இன்னோவா மாதிரி ஒரு இதுக்கு வைத்துக்கொள்கிறவள். நான் எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் பானெட் திறந்திருக்கிறது. மச்சான் கையில் காலி பாட்டில். கண் கலங்கியிருக்கிறது.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லீங் மாப்ள. அய்யரு எஞ்சினுக்குப் பொட்டு வெக்கோணும்னாரு, தொறந்தேன். நீங்க எழுதி ஒட்டியிருந்ததப் படிச்சனா... மறுக்கா ரெண்டு தடவ படிச்சனுங்."

"எதைப் படிச்சீங்க?"

"அதானுங், தண்ணி போடக் கூடாதுன்னு. லாரிக்காரன் எல்லாரும் பாக்கறாப்ல பின்னாடி எழுதுவான். நீங்க ஒருத்தருக்கும் தெரியாம உள்ளுக்குள்ள எழுதி வெச்சிருக்கீங்க பாருங்க. நாந்தான் உங்களத் தப்பா நெனைச்சுட்டேன்."

"சரி, அந்தப் பாட்டில்?"

"மனசு கேக்கலீங். நம்மளால ஆனது என்னன்னு பாத்தேன். ரேடியேட்டர்ல கொஞ்சம் கொறைவா இருந்துது. கோயில் தீர்த்தம் ஒரு லிட்டர் ஊத்திவுட்டேன்."

ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள உலகத்தில் இரண்டு வழி இருந்தால் நாச்சிமுத்து எந்த வழியில் போவார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கத்த வாயைத் திறந்தேன். அந்த ஆள் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் மேல் மரியாதை வைத்து ஒருவர் என் எஞ்சினைக் கெடுத்திருக்கிறார். அதுவும் பொய்யான மரியாதை. அந்த ஸ்டிக்கர் வண்டிக்கு.

கத்தவில்லை. தேங்காய் உடைத்தேன்.

மே 23, வெள்ளி. 18.

ஹக்கீம் பாய் மூடியைத் திறந்து, விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"கலந்துருச்சு சார். தீர்த்தம்னாலும் தண்ணி தண்ணிதான்."

"எல்லாம் போச்சு. ஒரு மாச வேலை. ஒரு சொட்டு கூடாதுன்னா கூடாதுன்னுதானே அர்த்தம்? இன்னொரு கேன் வர அஞ்சு நாள் ஆகும். நாளைக்குக் காலையில மலை ஏறோணும். விடுங்க, அவங்க இன்னோவாவுலயே போகட்டும்."

"ஏன் சார் இப்பிடி?" அவர் அடித்திருகைத் திறந்தார். எனது விலையுயர்ந்த கொள்கை மொத்தமும் பிளாஸ்டிக் டப்பில் வடிந்தது. "கெட்டுப்போச்சுன்னா வடிச்சிட்டு மறுபடி ஊத்தறது. அதுக்குப் போயி தார்ப்பாயப் போட்டு மூடுவாங்களா? எத்தன தடவ வடிச்சாலும் நான் ஊத்தித் தர்றேன்."

கூலன்டைப் பற்றித்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

நாச்சிமுத்து கடையிலிருந்து பச்சைக் கூலன்ட் வந்தது. பாதிக்குப் பாதி. வாளியில் நானே கலந்தேன். வண்டி அளவோடு இருக்கட்டும், அதனால் முடியும். ஸ்டிக்கரைப் பிய்க்கவா என்று கேட்டார் பாய். பெயின்ட் போகும், இருக்கட்டும் என்றேன்.

மே 24, சனி. 19.

காலை ஏழு மணி, சாயிபாபா காலனி. அவர்கள் வீட்டு வாசலில் அம்பாசிடர், பின்னால் இன்னோவா. மிருதுளா சுடிதாரில், இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணியோடு வந்தாள். கதவைத் திறந்துவிட்டேன். ஏறப் போனாள்.

டயர், காற்று என்று ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏறறதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்னைக்கு நூத்திப் பன்னெண்டு இல்ல. பத்தொம்பது."

"தெரியும்ப்பா."

"எப்படி?"

"நாலாந்தேதி நீங்கதான போன் பண்ணீங்க. பிரேக்கு பிடிச்சுது கண்ணு, நாந்தான் மிதிக்கலைன்னு அழுதீங்க. நான் வெக்கவே இல்ல, கேட்டுட்டே இருந்தேன்."

எனக்கு நினைவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். மே 4, மிருதுளா, முப்பத்தொரு நிமிடம்.

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன். இருபது நாளா பாத்தேன். சொல்லலைன்னா மாமா வண்டில ஏறியிருப்பேன்." கையை நீட்டினாள். "சாவி குடுங்க."

"நீயா?"

"பத்தொம்பதுக்கு முன்சீட்டு கிடைக்கும், ஸ்டியரிங் கிடைக்காது. எத்தன கல்யாண வீட்டுல இருந்து உங்களப் பின்னாடி படுக்கவெச்சு இதை ஓட்டிட்டு வந்திருக்கேன். எனக்கென்ன புதுசா?"

நாச்சிமுத்து பதறி ஓடிவந்தார். "ஏங் கண்ணு, கல்யாணப் பொண்ணு வண்டி ஓட்டறதா? கையில மருதாணி வேற!"

"மருதாணி கியர் போடறதத் தடுக்காது மச்சான்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வசந்தாமணி ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். "பாத்துப் போங்க" என்றாள். மகளை அவள் என்றைக்கும் 'போ' என்றுதான் சொல்வாள். எனவே பன்மையில் எனக்கும் பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் ஏற்றம். நன்றாக ஓட்டுகிறாள், என்னைவிட. என் வேலை முள்ளைப் பார்ப்பது. பாதி. பாதிக்கு மேல். முக்கால். ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரிக்காகக் காத்து நின்றபோது முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. "ஓரமா நிறுத்து" என்றேன். அடுத்த நொடியே நிறுத்தினாள். பிரேக் அருமையாகப் பிடித்தது.

பானெட்டைத் தூக்கினேன். ஆவி. மூடியை உடனே திறந்தால் முகம் வெந்துவிடும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் இன்னோவாவும் நின்றது, ஆனால் யாரும் இறங்கி வரவில்லை. மிருதுளா தடுத்திருக்க வேண்டும், கையைக் காட்டியதைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் மேல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ரோட்டோரத்தில் கேரட் விற்கிறவர் கட்டுகளைக் கழுவிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அடங்கியதும், ஹக்கீம் பாய் சொன்ன மாதிரியே, தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்.

குடத்தைச் சாய்க்கப் போனவர் நின்றுவிட்டார்.

"ஏனுங், தண்ணி போடக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்களே?"

"அது வண்டிக்கு இல்லீங்க" என்றேன். "எனக்கு."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். மணப்பெண்ணைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தாள், முதுகு மட்டும் குலுங்கியது. சிரிப்பா மற்றதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"அப்ப வண்டிக்கு ஊத்தலாமுங்களா?"

"தாராளமா ஊத்துங்க."

துணியை மடித்து மூடியைத் திறந்தேன். குடம் பாதி இறங்கியது. கிளம்பும்போது ஒரு கட்டு கேரட்டைச் சும்மாவே கொடுத்தார். கோத்தகிரி வரை அப்பனும் மகளும் முயல் மாதிரி மென்றுகொண்டே போனோம்.

மே 25, ஞாயிறு. 20.

தாலி கட்டியாயிற்று. சாம்பாரில் உப்பு இல்லை. மாப்பிள்ளைக்குப் பல்வலி, பாவம், போட்டோவில் எல்லாம் என்னைப் போலவே முகத்தை வைத்திருக்கிறான்.

பெண்ணைப் பெற்றவன் என்று என்னைச் செய்யச் சொன்னதையெல்லாம் செய்தேன். தாரை வார்க்கும்போது தட்டு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. வசந்தாமணி தட்டின் மறுபக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் பெரியப்பா மாடி அறையைக் கண்ணால் காட்டி, "லேசா?" என்றார். நம்ம வண்டிக்குச் சேராதுங்க என்றேன். எந்த வண்டி என்றார். எண்பத்தாறு மாடல் அம்பாசிடர் என்றேன். வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு, தனியாக மாடி ஏறினார்.

மே 26, திங்கள். 21.

தனியாக இறங்கி வந்தேன். சாவியை மிருதுளாவே கையில் கொடுத்து, மதியம் போன் செய்யச் சொன்னாள். இறக்கத்தில் கூலன்டுக்கு வேலையில்லை, எல்லா வேலையும் பிரேக்குக்குத்தான்.

வீட்டுக்குப் போகாமல் உக்கடம் சுற்றி வந்தேன். ஹக்கீம் பாய் ஒரு ஜீப்புக்கு அடியில் கிடந்தார்.

"வண்டி எப்பிடி சார் ஏறுச்சு?" கால்கள் மட்டும் கேட்டன.

"ஒரு தடவ சூடாச்சு. ஆற வெச்சு ஏறிட்டோம். பாய், அந்தப் பிரேக்கு..."

"பிரேக்குக்கு என்ன?"

"அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியுமுங்க சார்" என்றார். வெளியே வரவில்லை. அடியில் கிடந்தபடியே எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார், ரெண்டு டீ என்று.